சும்மா பார்க்கிற பூ

கோயமுத்தூரில் பான்சி என்ற மலைப்பிரதேசப் பூச்செடி வளர்க்கிறேன் என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். சிரித்தது மனசைப் புண்படுத்திவிட்டதோ என்று சங்கடப்பட்டு, உடனே "நல்ல விஷயமுங்க" என்பார்கள். எங்கள் ஊர் மரியாதை அப்படி. அந்த மரியாதையைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அதையும் சேர்த்துத்தான் இதில் சொல்லப் போகிறேன்.

எல்லாம் ஒரு மே மாதத்தில் நானும் மனைவியும் ஊட்டிக்குப் போனதில் ஆரம்பித்தது. அங்கே ஒரு நர்சரியில் பான்சியைப் பார்த்தேன். ஊதா, மஞ்சள், வெள்ளை, கருஞ்சிவப்பு என்று ஐந்து இதழ்ப் பூக்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் யாரோ மை தொட்டு மீசை வரைந்த மாதிரி கறுப்புக் கோடுகள். வரிசையாக முகங்கள் நின்று என்னைப் பார்ப்பது போலிருந்தது. ஆசைப்பட்டு நாலைந்து பைகள் வாங்கி காரின் பின்சீட்டில் வைத்தேன். மலை இறங்கும்போதே தலை சாய்ந்தன. வீடு வந்து ஒரு வாரம் தண்ணீரும் நிழலும் கொடுத்துப் பார்த்தும் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

"ஊட்டிப் பூவுக்கு ஊட்டிதானுங்க சரி," என்றாள் மனைவி.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் லேத் பட்டறை வைத்துப் பம்புக்கு ஷாஃப்ட் கடைகிறவன். முடியாது என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சுர்ரென்று ஏறும். அன்று முதல் கிடைத்த நேரமெல்லாம் பான்சியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

படித்ததில் ஒன்று புரிந்தது. இது குளிருக்குப் பயப்படாத செடி. வரவழைத்த விதைப் பாக்கெட்டின் அட்டையில் வெள்ளைப் பனிக்குள்ளிருந்து ஒரு பூ தலை நீட்டிக்கொண்டிருந்தது. உறைபனியையும் தாங்குமாம். எங்கள் ஊரில் குளிர் என்றால் மார்கழிக் காலையில் டீக்கடையில் நாலு பேர் மப்ளரோடு நிற்பதுதான். ஒன்பது மணிக்கு அந்த மப்ளரும் கழுத்திலிருந்து இறங்கிவிடும். பனியோடு மல்லுக்கு நிற்கிற செடிக்கு இங்கே எதிரி வெயில் மட்டும்தான். கார்த்திகையிலிருந்து மாசி வரை அதற்கு நம் ஊரில் ஆயுசு. அதற்குள் பூத்துவிட வேண்டும் என்றால் புரட்டாசியில் விதைக்க வேண்டும்.

முதல் தடவை மொட்டை மாடியில் விதைத்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. இந்த விதைக்கு முளைக்க இருட்டும் குளிர்ச்சியும் வேண்டும் என்பதை அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இரண்டாவது தடவை தட்டில் தென்னைநார்த் தூளைப் பரப்பி, விதையைத் தூவி, ஈரச்சாக்கைப் போட்டு மூடி, மனைவி சின்ன வெங்காயம் போட்டுவைக்கும் உள்ளறையில், மேடைக்கு அடியில் தள்ளிவைத்தேன். வெங்காயத்தை இடம் மாற்றச் சொன்னதற்கு அவள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் சாக்குக்கு அடியில் பச்சைப் பச்சையாக முளை தலைகாட்டியதும் அவள்தான் முதலில் பார்த்து என்னைக் கூப்பிட்டாள்.

நாற்று நாலு இலை விட்ட சமயத்தில்தான் அக்காவை அழைத்துக்கொண்டு வந்தேன்.

அக்கா வாழ்க்கைப்பட்டது சத்தியமங்கலம் பக்கம். அவர்களுக்கு மல்லிகைத் தோட்டம். மச்சான் ஆடியில், மோட்டார் போடப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து மருமகன், அதாவது அக்காவின் பையன், பெங்களூரிலிருந்து போன் செய்தான்.

"மாமா, அம்மா மல்லிச் செடியெல்லாம் புடுங்கிப்போட்டுத் தென்னை வெச்சுரச் சொல்றாங்க. ஏன்னு கேட்டா பேச மாட்டீங்கறாங்க. தையில ஆளு வரச் சொல்லியிருக்குதுங்க. அதுவரைக்கும் உங்க ஊட்டுல இருந்தா கொஞ்சம் தேறுவாங்களாட்ட இருக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தோட்டத்தை நடத்தியது அக்காதான். மச்சான் தண்ணீர் கட்டுவதோடு சரி. மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே, விடிவதற்குள் பறித்துவிட வேண்டும். மலர்ந்துவிட்டால் சந்தையில் சீந்த மாட்டார்கள். கல்யாணமாகிப் போன நாளிலிருந்து இருட்டில் எழுந்து, ஆட்களோடு ஆளாக நெரை பிடித்து, வரிசை வரிசையாகப் பறித்தவள். அந்தச் செடியைப் பிடுங்கு என்று அவளே சொல்கிறாள் என்றால் உள்ளுக்குள் ஏதோ ஒன்று செத்துவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் வீட்டுக்கு வந்தவள் முன்னறையில் ஜன்னலோரம் உட்கார்ந்தே இருந்தாள். டிவி ஓடும், பார்க்க மாட்டாள். சாயங்காலம் பொழுதோடு பூக்காரம்மா வாசலில் வந்து குரல் கொடுத்ததும் எழுந்து உள்ளே போய்விடுவாள். மனைவி பூ வாங்கி வைத்துக்கொண்டு வந்த பிறகுதான் வெளியே வருவாள். புருஷன் போன பிறகு தலையில் பூ இல்லை என்பது எங்கள் பக்கத்தில் காலம் காலமாக உள்ளது. அதைப் பற்றி அக்கா எதுவும் சொல்லவில்லை. ஆனால் பூவின் குரலுக்கே எழுந்து போகிறாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் பூக்காரம்மாவை இனி இந்தப் பக்கம் வராதே என்று விரட்டக்கூடப் பார்த்தேன். மனைவி முறைத்தாள்.

உண்மையைக் கறந்தவளும் மனைவிதான். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். அக்காவும் உரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். காரியம் முடிந்து முதல் தடவையாகக் கூடையை எடுத்துக்கொண்டு அக்கா தோட்டத்துக்குப் போனபோது, பல வருஷமாகக் கூடவே பறிக்கிற ஒரு அம்மா சொன்னாளாம்: "நீங்க எதுக்குங்க சிரமப்படறீங்க, ஊட்டுல இருங்க. நாங்க பறிச்சுக்கறமுங்க. முகூர்த்தத்துக்குப் போற பூவுங்க." அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். அதோடு சரி.

கேட்டதும் நான் கார் சாவியைத் தேடினேன்.

"இப்ப எங்க கெளம்பிட்டீங்க?"

"சத்திக்கு. அந்தம்மாளை நாலு வார்த்தை கேட்டுப்போட்டு வாரேன்."

"போயி என்னன்னு கேப்பீங்க? அந்தம்மா மரியாதையாத்தான சொல்லியிருக்குது."

அதுதான் வினை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். எங்கள் ஊரில் யாரும் யாரையும் திட்டி ஒதுக்குவதில்லை. வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டு, உட்காருங்க, சிரமப்படாதீங்க என்று சொல்லியே ஒதுக்கிவிடுவோம். அதை எதிர்த்து யார்மேல் கோபப்படுவது? சாவியை ஆணியில் திரும்ப மாட்டினேன்.

இதற்கு நடுவில் நாற்றுகள் தொட்டிக்கு மாறின. பச்சை வலை கட்டி மத்தியான வெயிலை மறைத்தேன். காலை வெயில் மட்டும் படுகிற மாதிரி தொட்டிகளைக் கிழக்குச் சுவரோரம் நகர்த்தினேன். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துத் தெளிந்த தண்ணீரை ஊற்றினேன். அந்த நாற்றத்துக்கு எதிர்வீட்டு ஜன்னல் அடைபட்டது. கார்த்திகைக் கடைசியில் மொட்டு வந்தது. மெல்லிய காம்பு முனையில், தலையைக் குனிந்துகொண்டு, ஒவ்வொரு தொட்டியிலும். நாளைக்கு மலர்ந்துவிடும், நாளைக்கு மலர்ந்துவிடும் என்று சாப்பிடும்போதெல்லாம் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் விடியற்காலை மாடிக்குப் போனேன். ஒரு செடியிலும் ஒரு மொட்டு இல்லை.

அக்கா சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு முறம். முறம் நிறைய பான்சி மொட்டுகள். தூக்கம் வராமல் மேலே வந்திருக்கிறாள். மங்கலான வெளிச்சத்தில் செடியில் மொட்டைப் பார்த்திருக்கிறாள். இத்தனை வருஷப் பழக்கம். கை தானாகப் போய்விட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரு கிள்ளு, நெரை நெரையாக, ஒன்றுகூட விடாமல். உலகத்தில் வேறு யாரும் பான்சியை மொட்டாகப் பறித்திருக்க மாட்டார்கள்.

எனக்குத் திட்டு வாய்வரைக்கும் வந்துவிட்டது. கத்தத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது பயம்.

"கை பட்டுருச்சு தம்பி," என்றாள். "தெரியாமப் பட்டுருச்சு."

செடி பாழானதைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. பூவைத் தொட்டுவிட்டேனே என்றுதான் பயந்திருந்தாள். தன் தம்பி வீட்டு மொட்டை மாடியில், யாரும் இல்லாத இடத்தில், ஒரு பூவைத் தொட்டதற்கு. என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"பட்டா என்னங்கக்கா? இது தலைக்கு வெக்கற பூ இல்லீங்க. சாமிக்கும் போடறதில்ல. கட்டவும் வராது. வாசமே கெடையாதுங்க."

"அப்ப எதுக்கு வளத்தற?"

"சும்மா பாக்கறதுக்குங்க."

"சும்மா பாக்கறதுக்கா?" அவள் ஒரு மொட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். "இதுக்கா இந்தப் பாடு படற?"

"ஆமாங்க."

"கிறுக்கு," என்றாள். ஆடிக்குப் பிறகு அவள் என்னைத் திட்டியது அப்போதுதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மொட்டு போனதைப் பற்றி அக்கா கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. "மல்லியக் கவாத்துப் பண்ணி வெட்டி உடறதில்லையா, அதாட்டந்தான். கிள்ளுனா பக்கத்துல துளிர் வெடிக்கும்," என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அது அவள் என்னைத் தேற்றச் சொன்னதா, தெரிந்துதான் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து காலையில் ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. நான் மாடிக்குப் போகும்போது அவள் எனக்கு முன்னால் அங்கே இருப்பாள். இலைக்கடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற நத்தையைப் பொறுக்குவாள். மண்ணை விரலால் தொட்டுப் பார்த்துத்தான் தண்ணீர் விடுவாள்; எனக்குத் தண்ணீர் ஊற்றவே அனுமதி கிடையாது. புண்ணாக்குத் தண்ணீர் அதிகம் என்று திட்டு வேறு.

மார்கழி நடுவில் செடிகள் கிளைத்துப் பூத்தன. ஒன்று வரவேண்டிய இடத்தில் மூன்று நான்கு வந்தன. பனி ஈரத்தோடு அத்தனை முகங்களும் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, சத்தியமாகச் சொல்கிறேன், நான் கடைந்த எந்த ஷாஃப்டும் எனக்கு அந்தச் சந்தோஷத்தைத் தந்ததில்லை. அக்கா ஒவ்வொரு பூவாக உற்றுப் பார்த்தாள்.

"இது நம்ம பெரிய மாமன். எப்பப் பாரு ஒதட்டப் பிதுக்கிட்டு." அடுத்த தொட்டிக்குப் போனாள். "இது பந்தியில எலை போட லேட்டானா வர்ற மொகம்." மஞ்சளில் கறுப்பு மீசை போட்ட ஒரு பூவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். "இது உன்ற மச்சானாட்டவே மொறைக்குது," என்றாள். மச்சானைப் பற்றி அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

வாடின பூவைச் செடியிலேயே விட்டால் விதை பிடித்துவிடும், அப்புறம் பூக்காது. அதனால் தினமும் வாடினதைக் கிள்ள வேண்டும். அந்த வேலையை அக்கா எடுத்துக்கொண்டாள். ஆனால் மலர்ந்த பூ ஒன்றைக்கூட அவள் பறித்து நான் பார்க்கவில்லை. பூக்காரம்மா குரலுக்கு எழுந்து போவதும் நிற்கவில்லை. தை பிறந்தது. மருமகன் போன் செய்து, ஆட்கள் அடுத்த வாரம் செடியைப் பிடுங்க வருகிறார்கள் என்றான். "செரி," என்றாள் அக்கா, அவ்வளவுதான். என்ன பேசினாலும் அந்த ‘சிரமப்படாதீங்க’வுக்குப் பதிலாகாது என்று தெரியும்.

ஆட்கள் வருவதற்கு முன்னாலேயே ஈரோட்டில் மனைவியின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். அக்காவையும் கூப்பிட்டோம். "ஒறம்பரை, சொந்தமெல்லாம் வருவாங்க. நான் எதுக்கு?" என்றுவிட்டாள். காலையில் கிளம்பும்போது மனைவியைக் காணோம். பட்டுப்புடவையோடு மாடிக்குப் போயிருக்கிறாள் என்று தெரிந்து, நேரமாகிவிட்டது என்று கத்துவதற்காகப் படியேறினேன். கடைசிப் படியில் அவள் பேசுவது கேட்டது. எங்கள் பக்கத்தில் புருஷனின் அக்காவை நங்கையா என்று கூப்பிடுவார்கள்.

"நங்கையா, அந்த ஊதாவுல ஒண்ணு பறிச்சுக் குடுங்க."

"எதுக்கு அம்மிணி?"

"தலைக்குங்க."

அக்கா கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். "நேத்து வாங்குன மல்லி ஃபிரிட்ஜுல இருக்குதுல்ல."

"அது தெனமும் வெக்கறதுதானுங்க."

"இது தலைக்கு வெக்கற பூ இல்லைன்னு தம்பி சொன்னானே."

"உங்க தம்பிக்குப் பம்பு ஷாஃப்டத் தவிர என்னங்க தெரியும்?"

"அப்ப நீயே பறிச்சுக்க."

"நீங்க பறிச்சு வெச்சு உடறதா இருந்தா வெச்சுட்டுப் போறேன். இல்லீன்னா வெறுந்தலையோட போறேனுங்க."

சொல்லிவிட்டு அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கொஞ்சம் குனிந்து நின்றாள். கையில் ஒரு ஹேர்பின். அக்கா நகரவே இல்லை. பிறகு அக்கா குனிந்து பெரிய ஊதாப் பூ ஒன்றைக் கிள்ளி, பின்னை வாங்கி, மனைவியின் கொண்டையில் செருகினாள். இரண்டு தடவை நழுவி, மூன்றாவது தடவைதான் நின்றது. நேரமாகிவிட்டது என்று கத்த வந்தவன், சத்தமில்லாமல் படியிறங்கி காரில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கல்யாண மண்டபத்தில் மல்லிகை வைக்காத தலை என் மனைவியுடையது ஒன்றுதான். கூட்டத்தின் புழுக்கத்தில் அந்தப் பான்சி நனைந்த கைக்குட்டை மாதிரி தொங்கிவிட்டது. பந்திக்குப் போகிற வழியில் நாலு பேராவது நிறுத்திக் கேட்டார்கள்.

"ஏனுங்க, மல்லி வெக்கலீங்களா? இதென்ன பூவுங்க?"

"எங்க நங்கையா வளத்துன பூவுங்க. அவங்க கையால வெச்சு உட்டாங்க."

கேட்டவர்களுக்கு யார் அந்த நங்கையா என்று தெரியும். சிலர் பூவை இன்னொரு தரம் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். சிலர் "அழகா இருக்குதுங்க" என்றார்கள். ஒவ்வொருவருக்கும் அவள் அதே பதிலை, அதே சிரிப்போடு, வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுச் சொன்னாள். சத்திக்குப் போய்ச் சண்டை போடக் கிளம்பிய நான் பக்கத்தில் தாம்பூலப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவளை எனக்குத் தெரியும் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பியபோது அக்கா கேட்டைத் திறந்தாள். முதலில் பார்த்தது மனைவியின் கொண்டையைத்தான்.

"இன்னும் எடுக்கலையா அம்மிணி? வாடிப்போச்சு."

"எதுக்குங்க எடுக்கோணும்?"

"யாராச்சும் ஏதாச்சும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. நீங்க வெச்சு உட்டதுன்னு சொன்னேனுங்க."

"அதுக்கு?"

"அதுக்கென்னுங்க. பந்தியில ரசம் நல்லா இருந்துச்சு."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே மனைவியின் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். மச்சானைத் தூக்கும்போதுகூட அவள் இப்படி அழவில்லை. மனைவியின் பட்டுப்புடவைத் தோள் நனைந்தது. இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு போய்க் கேட்டைச் சாத்திவிட்டு, நானும் காருக்குப் பின்னால் நின்று அழுதேன்.

மறுநாள் காலையில் அக்கா பையனுக்குப் போன் செய்தாள். "செடியப் புடுங்க வேண்டாங்கண்ணு. அந்த ஆளுகளைக் கவாத்துக்கு வரச் சொல்லு. ஆமா, நான் வாரேன்."

நான்தான் கொண்டுபோய் விட்டேன். இதற்காகத்தானே ஏங்கினேன், சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவள் போகாமல் எங்களோடு இருந்துவிடக் கூடாதா என்று இருந்தது. புளியம்பட்டி தாண்டியதும், "அந்தம்மா மறுபடியும் ஏதாச்சும் சொன்னா என்னங்கக்கா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"சொன்னாச் சொல்லட்டும். நீ ஒரு நெரை பறி, நான் ஒரு நெரை பறிக்கறேன்னு சொல்லுவேன்," என்றாள். "எனக்கும் முன்னமே அதச் சொல்லத் தெரிஞ்சிருக்கோணும்."

பங்குனி வெயிலில் பான்சிகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகிக் காய்ந்தன. இனி புரட்டாசி வரை மாடியில் எனக்கு வேலை கிடையாது. ஆனாலும் காலையில் மேலே போய்ச் சும்மா நிற்பேன். அப்படி நின்றுகொண்டிருந்த ஒரு நாள் அக்காவிடமிருந்து போன் வந்தது. பின்னால் வேன் உறுமுகிற சத்தம்.

"கவாத்துக்கு அப்பறம் மொத பறிப்பு தம்பி. இப்பத்தான் ஏத்தி உட்டோம்."

"நீங்களும் பறிச்சீங்களா?"

"பின்ன?"

"அந்தம்மா?"

"பக்கத்து நெரையிலதான் நின்னா. ஒண்ணும் சொல்லல. பறிச்சு முடிச்சதும் என்ற கூடைய வாங்கித் தன்ற பூவோட கொட்டி ஒண்ணா மூட்டை கட்டுனா."

வேன் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

"இன்னைக்கு முகூர்த்த நாளு தம்பி," என்றாள். "நான் பறிச்ச பூவு எந்தப் புள்ள தலையில ஏறுதோ தெரியல. அந்தப் புள்ள நல்லா இருக்கட்டும்."